வால் நறுக்கிய மோதிரங்கள்

இந்த வாரக் கப்பலில் காரைக்காலிலிருந்து கடல் தாண்டி இந்தப் பிரெஞ்சுக்காரர் ஊரில் வந்து இறங்கி, தரையில் நிற்கும்போதும் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும் உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை முதல் நான் சுங்க அலுவலகத்துக்குப் போகிறேன். தேர்வு எழுதித் தேறிவிட்டேன். ஆறு வருஷம் நின்ற இந்தச் சுருட்டுக் கடையை விட்டுப் போகிறேன் என்று சொன்னதும் முதலாளி கேட்டது ஒன்றுதான். “புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதி வச்சிட்டுப் போங்கனி. வாயால சொல்ல ஆரம்பிச்சா உமக்கு நிறுத்தத் தெரியாது.” எனக்கு வயது இருபத்தேழு. அனுபவம் எழுதுகிற வயதில்லைதான். ஆனால் ஒரு கடையை விட்டு விலகுகிறவன் அந்தக் கடைக்குக் கிழவன் மாதிரி. அவன் பேசினால் இரண்டு பேராவது கேட்பார்கள். கேளுங்கள்.

பெட்டி அடுக்குவது, மழைக்காலத்தில் அலமாரிக்குள் சுண்ணாம்புக் கிண்ணம் வைப்பது, பூச்சி விழுந்த பெட்டியைத் தனியே ஒதுக்குவது, இவையெல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதையெல்லாம் எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது மோதிரத்தைப் பற்றி.

சுருட்டின் இடுப்பில் சுற்றியிருக்கும் வண்ணக் காகிதப் பட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பாக் என்கிறார்கள். விரலில் போடும் மோதிரத்துக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். அதனால் நம் கடையில் அதற்கு மோதிரம் என்று பெயர். மோதிரம் இல்லாத சுருட்டு மொட்டை. நம் ஊர் ஆட்கள் வாங்குவது மொட்டை. பெரிய கடைத்தெருவான கத்தினா வீதியில் நாற்காலி போட்டு உட்காரும் வெள்ளைக்காரர்கள் கேட்பது மோதிரக்காரன். சுருட்டு ஹவானாவில் பிறந்ததா, மணிலாவில் பிறந்ததா, டச்சுக்காரர்களின் சுமத்ராவில் பிறந்ததா என்பதை மோதிரம் சொல்லும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் ஆல்பம் போட்டேன்.

நானூற்றுச் சொச்சம் மோதிரங்கள். வாடிக்கையாளர்கள் சுருட்டைப் பற்றவைத்ததும் சூட்டில் பசை இளகி மோதிரம் கழன்று வரும். அதை எனக்கென்று எடுத்துவைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கத்தரியால் ஒரே அளவாக நறுக்கி, வரிசையாக ஒட்டி, கீழே பிரெஞ்சில் ஊர்ப் பெயரை எழுதுவேன். வாலை நறுக்கினேன் என்பதை மறந்துவிடாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முன் மேசை எனக்குக் கிடைத்தது ஒரு மோதிரத்தால்தான். முன் மேசை எது என்று பார்த்திருப்பீர்கள். வாசலைப் பார்த்தபடி, மின்விசிறிக்கு நேர் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பது. அங்கே நிற்பவன்தான் வாடிக்கையாளரோடு பேசுவான். மற்றவர்கள் பின்கட்டில் பெட்டியோடு பேசலாம். நான் சேர்ந்த முதல் வருஷம், அரிசி ஆலை இன்ஜினியர் ஒருவர் துறைமுகத்தில் யாரிடமோ வாங்கிய ஹவானாப் பெட்டியோடு வந்தார். நல்லதா என்று முதலாளியிடம் காட்டினார். முதலாளி முகர்ந்தார், உருட்டினார், மறுபடி முகர்ந்தார். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தங்க மை, மகுடம், இரண்டு பதக்கம், நடுவே ஸ்பானிய எழுத்துக்கூட்டலில் ஹபானா என்ற சொல். எல்லாம் கச்சிதம். ஆனால் அந்தச் சொல்லில் வரும் மூன்று ‘ஏ’ எழுத்துக்கும் நடுக்கோடு இல்லை. மூன்றும் கூடாரம் மாதிரி நின்றன.

“முசியே, இதை வரைந்தவருக்கு இந்த எழுத்து தெரியாது. அதைப் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். இது பக்கத்துச் சோலோனில் ஏதோ சீன அச்சகத்தில் அடித்தது” என்று பிரெஞ்சில் சொன்னேன். இலக்கணம் பிசகாத வாக்கியம்.

இன்ஜினியர் சிரித்தே விட்டார். அவர் போனதும் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “பிரெவே படிச்ச புள்ளன்னு சொன்னாங்க. படிப்பு சுருட்டுக்கும் ஒதவும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நாளைலேருந்து முன்னாடி நில்லுங்க தம்பி.” பிரெவே என்பது பள்ளிச் சான்றிதழ், உங்களில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பத்திரம். அது ஒரு மனிதனை எவ்வளவு முட்டாளாக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

நாலாவது வருஷ மழையோடு சவரிமுத்து வந்து சேர்ந்தான்.

திண்டுக்கல்காரன். என் வயதுதான். வீட்டில் எல்லோரும் சுருட்டு சுற்றுகிறவர்கள். அவனுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது மொத்தம் பத்துச் சொல். போன் என்றால் நல்லது, பா போன் என்றால் நல்லதில்லை, செக் என்றால் காய்ந்தது, இன்னும் ஏழு. நான் பிரெஞ்சிந்தியாவில் பிறந்தவன், எனக்கு இங்கே தொந்தரவில்லை. அவன் பிரிட்டிஷ் பக்கத்து ஆள். முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொறுப்புக் கடிதத்தின் பேரில்தான் இந்த ஊரில் இருக்கலாம். அந்தக் கடிதம் போனால் அடுத்த கப்பலில் அவனும் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் மோதிரத்தைப் படிக்கவே மாட்டான். சுருட்டை எடுப்பான், கட்டைவிரலால் அடியிலிருந்து நுனி வரை அழுத்திக்கொண்டே போவான், காதோரம் வைத்து லேசாக உருட்டுவான், பிறகு “போன்” என்பான். அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்காக வெள்ளைக்காரர்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நான் வினைமுற்றெல்லாம் சரியாக வைத்து முழுப் பத்தி பேசுவேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். “அந்த விரல்காரர் இருக்கிறாரா?”

விரல்காரர்! எனக்கு அவர்கள் வைத்த பெயர் எதுவும் இல்லை.

எரிச்சல் எப்படி வளரும் என்று சொல்கிறேன், உங்களுக்கும் வரும். அவன் செய்கிற தவறுகள் முதலில் கண்ணில் படும். தவறே செய்யவில்லை என்றால் அவன் செருப்பு கண்ணில் படும். அவன் என்னை “பிரெவே அண்ணே” என்று கூப்பிடுவான். கேலியா மரியாதையா என்று ஒரு மாதம் யோசித்தேன். கேலி இல்லை என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் கோவிலில் பூசை கண்டுவிட்டு வந்து மதியம் எனக்கும் சேர்த்துச் சோறு வாங்கி வைப்பான். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே அவனை வெறுத்தேன். ருசியாக வேறு இருக்கும்.

இத்தனைக்கும் அவன் முன் மேசையைக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போடலாம்.

அந்தச் சமயத்தில் ரப்பர் தோட்டத்துச் சொந்தக்காரர் ஒருவர், தோட்டத்தை விற்றுவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பக் கிளம்பினார். அவரிடம் விற்பதற்குப் பன்னிரண்டு பெட்டி ஹவானா இருந்தது. இப்படிச் சரக்கு வந்தால் பார்த்துவரப் போவது நான்தான். சட்டையை மாற்றிக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். முதலாளி பின்கட்டைப் பார்த்து, “சவரி, போயி பாத்துட்டு வா” என்றார். அவ்வளவு சாதாரணமாக. அவன் ரிக்‌ஷாவில் ஏறி, ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, “போன் மொதலாளி, பன்னெண்டும் போன்” என்றான். பன்னிரண்டும் வந்து அலமாரியில் உட்கார்ந்தன. நான் சட்டையை மாற்றவே இல்லை. அதையே போட்டுக்கொண்டு நாள் முழுவதும் முன் மேசையில் நின்றேன்.

அந்தப் பெட்டிகளில் இரண்டை நீதிபதி வாங்கினார். அவர் யாரென்று சொல்ல வேண்டும். தினமும் காலை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் வருபவர். போரில் இடக்கையின் இரண்டு விரலை ஜெர்மன் குண்டுக்குக் கொடுத்தவர். கடையில் நின்றபடியே ஒன்றைப் பற்றவைத்து, அரைக்கண் மூடி, “இந்த ஊருக்கு வந்த பிறகு இப்படி ஒன்றைப் புகைத்ததில்லை” என்று மூன்று வாரமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லை. என் தலைக்கு மேலாக, சவரியிடம்.

ஒரு வியாழக்கிழமை காலை. நீதிபதி பற்றவைத்தார், மோதிரம் கழன்றது, வழக்கம்போல என் பக்கம் தள்ளினார். சும்மா எடுத்துப் பார்த்தேன். மோதிரத்தின் ஒரு முனை மற்ற முனைக்கு அடியில் மடிந்து ஒட்டியிருக்கும் அல்லவா, அந்த அடிவால் பிரிந்து நீண்டிருந்தது. அதன் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ. பூதக்கண்ணாடியை வைத்தேன். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. ஜெர்மனி.

இந்த இடத்தில் நில்லுங்கள். நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நீதிபதி போகும்வரை பொறுத்து, முதலாளியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு முன் ஆல்பத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குள் சவரி இன்னொரு தடவை “போன்” சொல்லிவிடுவான்.

“முசியே, மன்னிக்க வேண்டும்,” என்றேன். “நீங்கள் புகைப்பது ஹவானா அல்ல. ஜெர்மானியச் சரக்கு.”

நீதிபதி வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சுருட்டைச் சாம்பல் தட்டில் வைக்கக்கூட மனமில்லாமல் வாசலுக்கு வெளியே எறிந்தார். “முதல் நாளே நினைத்தேன்,” என்றார். “முட்டைக்கோஸ் வாடை அடித்தது.”

மூன்று வாரம் அரைக்கண் மூடிப் புகைத்தவர்! எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, வெற்றிதான் வந்தது. ஜெர்மானியர்கள் போலியில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று ஒரு சிறு உரையே நிகழ்த்தினேன்.

இதையெல்லாம் பேசும்போது சவரி பக்கத்திலேயே நின்றான். வேகமான பிரெஞ்சு அவனுக்குப் புரியாது. நல்ல வார்த்தைதான் பேசுகிறார்கள் என்று நினைத்து, திறந்த பெட்டியை இரண்டு கையாலும் நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தான். நீதிபதி அவனைப் பார்த்து “பா போன்” என்றார். அவனுக்குத் தெரிந்த சொல். சிரிப்பு நின்றது. “நோ முசியே. போன்,” என்றான் மெதுவாக. நீதிபதி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளிக்கு வேறு வழி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் அல்ல. “சவரி, நீ ஏமாத்தினேன்னு நான் சொல்லல,” என்றார். “ஆனா அந்த மனுசன் சாயங்காலம் கிளப்புல போயி வாய வச்சிட்டு சும்மா இருக்க மாட்டாரு. ஜெர்மன்காரன் சரக்க ஹவானான்னு விக்கிற கடைன்னு பேராச்சுன்னா, நாம கதவ சாத்திட்டு நாகூருக்குப் போவ வேண்டியதுதான். வாங்கின ஆள அனுப்பிட்டேன்னு சொன்னாத்தான் கடை நிக்கும். சனிக்கிழமை கப்பல் இருக்கு.”

சவரி என்னைத்தான் பார்த்தான். “என்ன அண்ணே சொன்னாரு அவரு? நீங்க வெவரமாச் சொல்லுங்க.”

சொன்னேன். அவன் தாய்மொழியில், தெளிவாக, அவனுக்கு எதிரான தீர்ப்பை நானே மொழிபெயர்த்தேன். அவன் தலையாட்டிக்கொண்டான். “அச்செழுத்து நமக்கு வராதுண்ணே” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வெள்ளி. மதியம் முதலாளி ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு நான் மட்டும் முன் மேசையில். வெளியே புளியமரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆல்பத்தில் புதுப் பக்கம் திறந்து, மேலே ‘போலிகள்’ என்று அழகான எழுத்தில் எழுதினேன். அந்த ஜெர்மன் மோதிரத்தை ஒட்ட வேண்டும். பக்கத்திலேயே ஒப்பிட்டுக் காட்ட, சந்தேகமே இல்லாத ஓர் அசல் வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. கப்பல் கேப்டன் ஒருவர் ஹவானாவிலேயே வாங்கிப் புகைத்து, அங்கிருந்தே எடுத்துவந்து கொடுத்தது. அதை நறுக்க மனம் வராமல் உறையிலேயே வைத்திருந்தேன். எடுத்து, கண்ணாடியை வைத்தேன்.

அடிவாலின் ஓரத்தில் எறும்பு வரிசை. ஏழு எழுத்து.

ஆல்பத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கமும் அசல் ஹவானாக்கள், எல்லாம் வால் நறுக்கியவை. அழகுக்காக நான் நறுக்கித் தள்ளிய நானூறு வால்களில் என்னென்ன எழுதியிருந்ததோ, தெரியாது, எல்லாம் குப்பையில் போயிற்று. அவசரத்தில் சரியாக நறுக்காத ஏழெட்டு மோதிரங்கள் மிச்சம் இருந்தன. ஐந்தில் அந்த எழுத்து, அல்லது அதில் பாதி. அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஹவானாக்காரன் சுருட்டு சுற்றுகிறான். வண்ண அச்சுக்கு ஜெர்மானியனிடம் கொடுக்கிறான், ஏனென்றால் அந்தத் தொழிலில் அவன்தான் கெட்டி. மோதிரம் ஜெர்மனியில் பிறந்து, கப்பலேறி ஹவானா போய், அங்கே பிறந்த சுருட்டின் இடுப்பில் ஏறியிருக்கிறது. போருக்கு முன் கட்டிய பெட்டிகள் என்றால் இதில் அதிசயமே இல்லை. முட்டைக்கோஸ் வாடையும் இல்லை.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மதிப்பீர்கள். நான் ஆல்பத்தை மூடினேன். இதைப் பார்த்தது நான் ஒருவன்தான். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை கப்பல் போய்விடும். முன் மேசை எனக்கு. விரல்காரர் என்ற பேச்சே இருக்காது. நான் பொய் சொல்லவில்லையே, எழுதியிருந்ததைத்தானே படித்தேன் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். நல்ல வாதம். இலக்கணம் பிசகாதது.

பின்கட்டிலிருந்து சவரி வந்தான். மேலங்கியையும் சுருட்டு நறுக்கும் கத்தியையும் மடித்து மேசையில் வைத்தான். “மொதலாளிகிட்டக் குடுத்துருங்கண்ணே. நான் வாறதுக்குள்ள அவரு வர்றாரோ என்னமோ.”

“எங்கே போற?”

“சாமான் கட்டணும்ல.” நின்றான். பிறகு, “ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கிறக் கூடாது,” என்றான். “அந்த மோதிரத்தக் கண்ணாடி வச்சுப் பாத்தீகளே. கழத்திட்டு அடியில பாத்தீகளா?”

“அடியில என்ன இருக்கு?”

விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த அந்த ஹவானாப் பெட்டி ஒன்றிலிருந்து அவன் ஒரு சுருட்டை எடுத்தான். மோதிரத்தை நகத்தால் தளர்த்தி, இலை கிழியாமல், திருகித் திருகி மெதுவாகக் கழற்றினான். மோதிரம் இருந்த இடத்தில் இலை ஒரு மயிரிழை உள்வாங்கியிருந்தது. இடுப்பில் கயிறு கட்டிய தடம் மாதிரி.

“எங்க அக்கா கல்யாண மோதிரத்த அடகு வைக்கக் கழத்துனப்ப விரல் இப்படித்தான் இருந்துச்சு,” என்றான். “ஈரமா இருக்கப் போட்டு, பெட்டிக்குள்ள அழுங்கி, வருசக்கணக்காக் கெடந்தாத்தான் இந்தத் தடம் விழும். வேற எங்கயோ சுத்தினத வாங்கி மோதிரத்த மாட்டி விட்டான்னா விரல் மொழுமொழுன்னு இருக்கும். நான் அன்னைக்குப் பன்னெண்டு பெட்டியிலயும் பெட்டிக்கு ஒண்ணு கழத்திப் பாத்துட்டுத்தான் போன்னு சொன்னேன்.”

“இத ஏன் நேத்தே சொல்லல?”

“மொதலாளி நம்பி என்ன, நீதிபதிக்கு எந்த பாஷையில சொல்ல? எனக்குப் பத்து வார்த்தைதான அண்ணே.” சிரித்தான். “சொல்றதுக்கும் நீங்கதான் வேணும்.”

சுருட்டுக்கு மறுபடி மோதிரத்தைப் போட்டுவிட்டபடியே தனக்குத்தானே சொல்வதுபோல் ஒன்று சொன்னான். “மோதிரம் எங்க செஞ்சதுன்னு மோதிரம் சொல்லும். விரல் யாருதுன்னு விரலத்தான் கேக்கணும்.”

அவன் போய்விட்டான். நான் உட்கார்ந்தேன்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். என்னை அசைத்தது இரக்கம் அல்ல, மனசாட்சி என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. நானூறு மோதிரம் சேர்த்தும் என்னால் சொல்ல முடியாத வாக்கியத்தை அவன் மேலங்கியை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அவன் சனிக்கிழமை கப்பலேறிப் போய்விட்டால், அந்த வாக்கியம் சரியாகவே இருந்துவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வாழ்நாள் முழுக்க அவன் சரி, நான் தப்பு. அவன் போய்விட்டால் அவனை ஜெயிக்கவே முடியாது. இங்கே இருந்தால் என்றைக்காவது முடியலாம். பொறாமைதான் என்னை எழுப்பி வாசலில் நிறுத்தியது. நல்ல காரியங்கள் எல்லாம் நல்ல இடத்திலிருந்து வருவதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக முதலாளி தெருவில் வருவது தெரிந்தது. படியேறுவதற்குள் சொல்லிவிட்டேன். கேப்டன் மோதிரம், வால், தடம், எல்லாம். பாதி கேட்டவர் குடையை மடக்கி மேசைமேல் வைத்தார்.

“ஏங்கனி, இந்தக் கண்ணாடி நேத்து எங்க இருந்துச்சு?”

“என் கையிலதான் இருந்துச்சு.”

“ஆல்பம்?”

“இழுப்பறையில.”

“இடையில என்ன, ஒரு சாண் இருக்குமா?” என்றார். “ஒரு சாண் தூரத்துக்காக ஒரு மனுசன கப்பலேத்த இருந்தேனே.” கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “போங்க. நீதிபதிகிட்ட நீங்களே போயி சொல்லுங்க. அந்த நல்ல பிரெஞ்சுலயே சொல்லுங்க.”

ஆல்பத்தை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன். நீதிபதி வீட்டு வராந்தாவில் நின்று நான் பேசிய பிரெஞ்சு, என் வாழ்நாளிலேயே மோசமான பிரெஞ்சு. வார்த்தைக்கு வார்த்தை தடுக்கியது. அவர் உள்ளே போய், பிரான்சிலிருந்து தானே கொண்டுவந்த ஹவானாப் பெட்டியை எடுத்துவந்தார். மூன்று விரல் கையால் ஒரு மோதிரத்தைக் கழற்றி, என் கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இதுவும்,” என்றார்.

“ஆம், முசியே.”

“முட்டைக்கோஸ் வாடை…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். காது சிவந்திருந்தது. “நேற்று கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது? அந்த மோதிரத்தோடு அங்கே என்னால் புகைக்க முடியாது.”

கேட்டுவந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன். பதிலை இரவல் வாங்கித்தான் அவரிடம் சொன்னேன். திரும்பி வந்து கேட்டபோது சவரி கட்டிய சாமானை அவிழ்த்துக்கொண்டே, “கழத்திருவோம். மொட்டையா வித்துருவோம். வாயில வச்சா தெரியப்போகுது” என்று சொன்னதுதான் அந்தப் பதில். மறுநாளே நாங்கள் இருவரும் உட்கார்ந்து மிச்சமிருந்த பெட்டிகளின் மோதிரங்களைக் கழற்றினோம். நான் ஆறு இலை கிழித்தேன். அவன் ஒன்றும் கிழிக்கவில்லை. பெயரில்லாத அந்தச் சுருட்டுகளை நீதிபதி கிளப்புக்கு எடுத்துப்போனார். இரண்டு வாரத்தில் ‘மொட்டை’ என்ற தமிழ்ச் சொல்லை வெள்ளைக்காரர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். “மொத்தே, மொத்தே.” அவர்களுக்கு ‘ட’ வராது.

கழற்றிய மோதிரங்களைச் சவரி ஒரு காலிப் பெட்டியில் போட்டு என்னிடம் நீட்டினான். “ஆல்பத்துக்கு வச்சுக்கங்க, பிரெவே அண்ணே. வால நறுக்காம ஒட்டுங்க.” கேலிதான் இந்தத் தடவை. ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

முன் மேசை அவனுக்குப் போயிற்று. அந்தத் திங்கட்கிழமை அவன் விசிறிக்குக் கீழே நின்றதும், நான் பின்கட்டுக்குப் போனதும் ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் பின்கட்டில் இருந்தேன். கழற்றிப் பார்க்கவும், கிழிக்காமல் கழற்றவும் கற்றுக்கொண்டேன். அவனுக்கு நூறு பிரெஞ்சுச் சொல் கற்றுக்கொடுத்தேன், அடுத்த தடவை எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று. தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறான். வெள்ளைக்காரர்களுக்கு அதுவும் பிடித்திருக்கிறது. என்ன செய்ய?

உங்களுக்கு நான் விட்டுப்போவது இழுப்பறையில் இருக்கும் பூதக்கண்ணாடி. ஆல்பத்தையும் வைத்துப்போகிறேன், பாருங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். ‘போலிகள்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் ஒரு மோதிரம்கூட ஒட்டவில்லை. அங்கே என் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன், அதுவும் நடிப்பாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கோபமாக இருக்கும் நேரத்தில் ஒரு சரக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். எதையும் அழகுக்காக நறுக்காதீர்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் திருப்பிப் படித்தேன். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளப் போவது இதில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் என்று தெரிகிறது. மோதிரம் எங்க செஞ்சதுன்னு மோதிரம் சொல்லும், விரல் யாருதுன்னு விரலத்தான் கேக்கணும்.

அதுவும் அவன் சொன்னது.